சுடரைச் சுமந்தவர்கள்

சென்ற கார்த்திகையில் திருவண்ணாமலையில் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்தது. ஊரெங்கும் "அரோகரா!" என்ற குரல் எழுந்தது. மொட்டை மாடியில் நின்று கும்பிட்ட நண்பர், கூப்பிய கைகளைப் பிரித்ததும் அருகில் சாய்த்து வைத்திருந்த சோலார் பேனலைத் தட்டிக் காட்டினார்.

"காத்திருந்து வாங்கியது நல்லதாய்ப் போயிற்று, சார். விலை எவ்வளவு இறங்கிவிட்டது தெரியுமா? அதற்கு மேல் சர்க்கார் மானியம் வேறு 78,000 ரூபாய்!"

அவருடைய மகிழ்ச்சியில் நானும் பங்கு கொண்டேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இறங்கிய விலையை யார் கொடுத்தார்கள்?

சீனாவின் ஐந்து பெரிய சோலார் நிறுவனங்கள் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 87,000 பேரைக் குறைத்தன. உலகம் வாங்குவதைப்போல் இருமடங்கு செய்யக்கூடிய ஆலைகளைக் கட்டினார்கள்; போட்டியில் அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள்; நஷ்டம் வந்ததும் ஆட்களை அனுப்பினார்கள். நம் நாட்டில் கிரேட்டர் நொய்டாவில் இயங்கிய மோசர் பேயரும் சோலார் தொழிலில் இறங்கிய நிறுவனந்தான். கடன் முற்றி, 2018இல் அதைக் கலைக்கும்படி தீர்ப்பாயம் ஆணையிட்டது. கணக்குப் புத்தகத்தில் இதற்கு 'ஆட்குறைப்பு' என்று பெயர். வீட்டில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு: கட்டாத பள்ளிக்கூடச் சம்பளம், நின்றுபோன கல்யாணப் பேச்சு.

வாங்கியவர் குற்றவாளியா? இல்லை. மலிவு பாவமன்று. விலை இறங்கியதால்தான் உழவனின் கிணற்றிலும் வெயிலால் மோட்டார் ஓடுகிறது. ஆனால் காரியம் நல்லது என்பதாலேயே, அதைச் செய்தவனுக்கு இழைத்த கொடுமை நல்லதாகிவிடாது. இலாபம் ஊருக்கெல்லாம், நஷ்டம் மட்டும் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கா?

நம் சட்டம் ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிடுகிறது. பத்தாண்டு உழைத்தவனுக்கு ஐந்து மாதம். வேறு தொழில் கற்க இன்னுமொரு பதினைந்து நாள் ஊதியம் என்கிறது புதிய சட்டம். பதினைந்து நாளில் எந்தத் தொழிலைக் கற்பது?

மீண்டும் மலையைப் பார்த்தேன். 2,668 அடி உயரத்துக்குக் கொப்பரையைச் சுமந்து செல்கிறவர்கள் பர்வதராஜகுலத்தார். தீபம் ஏற்றுவது அவர்களுடைய உரிமை. நெய் மலிந்துவிட்டது, இனி நீங்கள் வேண்டாம் என்று ஊர் அவர்களிடம் சொல்வதில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "அதற்கு நான் என்ன சார் செய்ய முடியும்?" என்றார்.

"வேலை போனவனுக்குப் புதுத் தொழில் கிடைக்கும்வரை சோறு போட வரி கேட்டால், முணுமுணுக்காமல் கொடுக்கலாம்" என்றேன்.