மௌனம் சம்மதமாகுமா?

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. பெண் பார்க்கும் சடங்கில் மணமகளின் விருப்பம் கேட்கப்படும்போது அவள் தலைகுனிந்து நின்றால், பெரியவர்கள் இம்மொழியைச் சொல்லி மகிழ்வுடன் தாம்பூலம் மாற்றிக்கொள்வர். அந்தத் தலைகுனிவு நாணத்தால் விளைந்ததா, அச்சத்தால் விளைந்ததா என்று ஆராய்வோர் சிலரே.

சிறிய காரியங்களில் இம்முதுமொழி பெருந்தீங்கு எதையும் விளைவிக்காமல் போகலாம். ஆனால் ஒருவரின் உடலை மற்றொருவர் நெருங்கும் காரியத்தில் இதையே அளவுகோலாகக் கொண்டால், விளைவது அநீதி. 'மறுத்துப் போராடாதவள் இசைந்தவளே' என்ற எண்ணம் குடும்பங்களில் மட்டுமல்ல, நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஆகவே சம்மதம் என்பது உண்மையில் என்ன என்ற கேள்வி வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. அறவாழ்வை நாடும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி அது.

சொல்லின் பொருள்

சம்மதம் என்ற வடசொல் 'மன்' என்ற வினையடியிலிருந்து பிறந்தது. நினைத்தல், எண்ணுதல் என்பது அதன் பொருள். இருவரின் எண்ணம் ஒன்றுபடுவதே சம்மதம். தமிழில் இதற்கு வழங்கும் 'இசைவு' என்ற சொல் இன்னும் அழகானது. இரு நரம்புகள் ஒத்து ஒலிக்கும்போதே இசைவு பிறக்கிறது. ஒரு நரம்பு ஒலிக்க, மற்றொன்று இறுகக் கட்டப்பட்டு ஓசையற்றுக் கிடந்தால் அதை எவரும் இசைவு என்று சொல்லமாட்டார்.

இரு சொற்களுமே ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. சம்மதம் என்பது எதிர்ப்பு இல்லாத நிலையன்று. மனம் செய்யும் ஒரு செயல். பணிந்துபோவது வேறு, இசைவது வேறு. கள்வன் கத்தியைக் காட்டும்போது பணப்பையைக் கொடுப்பவர் பணிகிறார், தானம் செய்யவில்லை. பொருளைப் பற்றிய இந்த வேறுபாட்டை எளிதில் உணரும் உலகம், உடலைப் பற்றியும் அதுவே உண்மை என்பதை ஏற்க மிகவும் தயங்கியது.

ஒரு வழக்கு சொல்லும் பாடம்

1972-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மகாராஷ்டிர மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், பழங்குடிச் சிறுமி ஒருத்தி விசாரணைக்காக இரவில் காவல் நிலையத்திற்கு அழைத்து வரப்பட்டாள். அவளுக்கு வயது பதினான்கிலிருந்து பதினாறுக்குள் இருக்கும். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு அவள் மட்டும் உள்ளே நிறுத்தப்பட்டாள். அங்கிருந்த இரண்டு காவலர்கள்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்டது.

விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவள் முன்பே உடலுறவு அறிந்தவள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1976-இல் மும்பை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அச்சத்தால் செயலற்றுப் பணிவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்று அது தெளிவுறக் கூறியது. ஆனால் 1978-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுதலை அளித்தது. அவள் உடலில் காயங்கள் இல்லை, அவள் கூக்குரலிடவில்லை என்பவை அத்தீர்ப்பில் பெரிதாக மதிக்கப்பட்டன.

1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். காவல் நிலையத்தில் இரவில் தனித்து நிற்கும் ஓர் ஏழைச் சிறுமியின் மௌனம் எவ்வாறு சம்மதமாகும் என்பதே அம்மடல் எழுப்பிய கேள்வியின் சாரம். அக்கேள்வி நாடெங்கும் எதிரொலித்தது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் இத்தகைய குற்றங்களில், தான் சம்மதிக்கவில்லை என்று பெண் கூறினால், நீதிமன்றம் அதையே மெய்யெனக் கொண்டு தொடங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் தண்டனைக்குரியதாயிற்று.

பேரச்சம் சூழும்போது உடல் போராடாமலும், ஓடாமலும், கல்போல் உறைந்துவிடக்கூடும் என்பதை இன்றைய உளவியல் விளக்குகிறது. குரல் எழாது, கை அசையாது. அது மனம் எடுத்த முடிவன்று; உடலில் தானாக நிகழ்வது. 'ஏன் அலறவில்லை?' என்று கேட்பவர், புலியின் முன் நின்ற மானிடம் ஏன் ஓடவில்லை என்று கேட்பவரை ஒத்தவர்.

சட்டம் இன்று சொல்வது

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நீதியரசர் ஜே. எஸ். வர்மா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2013 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் சம்மதத்திற்கு முதன்முறையாகத் தெளிவான வரையறை தந்தது. சொல்லாலோ, சைகையாலோ, வேறு குறிப்பாலோ ஐயத்திற்கு இடமின்றித் தன் விருப்பத்துடன் தெரிவிக்கப்படும் உடன்பாடே சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு ஒரு பெண் சம்மதித்தாள் எனக் கருதலாகாது என்றும் அது கூறியது. வன்புணர்வு எது என்பதற்கான பழைய குறுகிய வரையறையும் விரிந்தது. எந்த உறுப்பாலும் பொருளாலும் பெண்ணின் உடலுக்குள் அத்துமீறுவது அதில் அடங்கியது. மறைந்திருந்து பார்ப்பதும், பின்தொடர்ந்து தொல்லை தருவதும் தனிக் குற்றங்களாயின.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் இவ்வரையறை தொடர்கிறது. மரண பயமோ காய பயமோ காட்டிப் பெற்ற சம்மதம் சம்மதமன்று. மதுவாலோ மனநலக் குறைவாலோ செயலின் தன்மையை உணர இயலாதவர் தந்த சம்மதமும் சம்மதமன்று. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சம்மதத்தைச் சட்டம் ஏற்பதே இல்லை. குழந்தைகளுக்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவர், சிறுமியர் இருபாலரையும் காக்கிறது.

'நாணம் மிக்க நாட்டில் பெண்கள் வாய்திறந்து விருப்பம் சொல்வார்களா? மௌனத்தைத்தானே விருப்பமாகக் கொள்ள வேண்டியுள்ளது?' என்று சிலர் வினவுவர். இவ்வாதம் தன்னைத்தானே மறுக்கிறது. பேசக்கூடாது என்று ஒருவரைப் பழக்கிவிட்டால், அதன்பின் அவரது மௌனத்திற்கு எந்தப் பொருளும் இராது. விரும்பினாலும் மௌனம், வெறுத்தாலும் மௌனம் என்றால், அதிலிருந்து விருப்பத்தை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம்? அந்நிலையில் கேட்டறியும் கடமை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. அன்புடையோர்க்கு இது கடினமும் அன்று. முகம் வாடுவதையும், கை விலகுவதையும், உடல் இறுகுவதையும் அறிய விரும்புபவர் அறிந்துவிடுவர். அறிய விரும்பாதவரே மௌனத்தில் அடைக்கலம் தேடுவர்.

இதிகாசங்கள் காட்டும் அளவுகோல்

அசோக வனத்தில் சீதாதேவியை இராவணன் தீண்டவில்லை, அவள் இசைவுக்காகக் காத்திருந்தான் என்று அவனைப் புகழ்வோர் உண்டு. வால்மீகி முனிவர் வேறுவிதமாகக் காட்டுகிறார். விருப்பமற்ற பெண்ணைப் பலவந்தமாகத் தீண்டினால் அழிவு நேரும் என்ற சாபத்திற்கு அஞ்சியே அவன் விலகி நின்றான். வஞ்சித்துக் கவர்ந்து வந்து, அரக்கியரைக் காவல் வைத்து, கெடு விதித்து, கொல்வதாக மிரட்டிக் கேட்பது வேண்டுகோளாகாது. அன்னை ஒரு துரும்பை இடையில் இட்டு மறுமொழி கூறினாள். ஒருவேளை அச்சிறையில் யாரேனும் ஒரு பெண் அஞ்சி இசைந்திருந்தாலும் அது இசைவாகியிராது. மறுக்க இயலாத இடத்தில் 'ஆம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி குருக்ஷேத்திரத்தில் உள்ளது. பதினெட்டு அத்தியாயங்களில் அனைத்தையும் உபதேசித்த பகவான், இறுதியில் அர்ஜுனனிடம் இவற்றை முழுமையாக ஆராய்ந்து, விரும்பியபடி செய் என்று விட்டுவிடுகிறார். ஆணையிட்டிருக்கலாம், அவர் ஆணையிடவில்லை. அனைத்தையும் ஆளும் இறைவனே ஒரு ஜீவனின் சுதந்திரத்தை இவ்வாறு மதித்தான் எனில், சக மனிதரின் விருப்பத்தை மீற மனிதனுக்கு ஏது உரிமை?

இல்லறத்திலும் ஆன்மிக உறவிலும்

திருமணம் ஆனபின் சம்மதம் என்ற பேச்சுக்கு இடமுண்டா என்ற ஐயம் பலர் உள்ளத்தில் உண்டு. மனைவி பதினெட்டு வயது நிரம்பியவராயின், கணவனின் செயலை வன்புணர்வுச் சட்டத்திலிருந்து விலக்கும் விதி புதிய சட்டத்திலும் இடம்பெற்றது. அவ்விலக்கை நீக்குமாறு வர்மா குழு பரிந்துரைத்திருந்தது. 2022-இல் தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர்.

சட்டம் எதைத் தண்டிக்கவில்லை என்பது ஒன்று. தர்மம் எதை ஏற்கிறது என்பது மற்றொன்று. வேத மரபுத் திருமணத்தில் ஏழாவது அடியில் மணமகன் மணமகளைத் தோழி என்றே அழைக்கிறான். உடைமை என்று அழைப்பதில்லை. நட்பில் வற்புறுத்தல் இல்லை. நோயிலும் களைப்பிலும் துயரிலும் மனைவியின் 'இன்று வேண்டாம்' என்ற சொல்லை மதிப்பவனே இல்லறத் தவம் புரிபவன். வேண்டாம் எனச் சொன்னால் நாளை வீட்டில் என்ன நேருமோ என்று அஞ்சி ஒரு பெண் இசைவாளாயின், அந்த இல்லத்தில் நிலவுவது அமைதியன்று, அடக்குமுறை.

ஆன்மிக உறவில் இன்னும் விழிப்பு தேவை. சீடர் குருவிடம் தம் ஐயங்களை, பலவீனங்களை, கண்ணீரை ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி உடலை நாடுபவர் எவ்வளவு கற்றவராயினும் குருவல்லர். சரணாகதி என்பது அகங்காரத்தை இறைவனடியில் வைப்பது. மற்றொரு மனிதரின் இச்சைக்குத் தன்னை ஒப்படைப்பதன்று. நம்பிக்கைக்குரிய நிலையிலோ அதிகாரத்திலோ இருப்பவர் இக்குற்றத்தைப் புரிந்தால் சட்டம் தண்டனையைக் கூட்டுகிறது. அங்கே மறுப்பது மிகக் கடினம் என்பதே அதற்குக் காரணம்.

மாசு யாருக்கு?

பாதிக்கப்பட்டவளைக் 'கெட்டுப்போனவள்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. முன் வாழ்க்கையைக் கிளறி அவளது சொல்லை மறுக்கும் வழக்கமும் அப்படியே. பெண்ணின் முந்தைய உறவுகள் சம்மதத்தை முடிவு செய்யப் பொருட்டல்ல என்று 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. இது புதுமையும் அன்று. விருப்பமற்ற கணிகையைப் பலவந்தப்படுத்துபவனுக்கும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் தண்டம் விதிக்கிறது. நேற்று ஒருவரிடம் சொன்ன 'ஆம்' இன்று மற்றொருவருக்கு அனுமதியாகாது. அதே மனிதருக்கும் அது நிரந்தர அனுமதியாகாது.

ஆன்மாவை ஆயுதம் வெட்டுவதில்லை, நெருப்பு எரிப்பதில்லை என்று போதிக்கும் மரபில், பிறர் செய்த வன்முறையால் ஒருவரின் தூய்மை அழியும் என்று கருதுவது முரண்பாடு. பாதிக்கப்பட்டவர் அடைந்தது காயம், மாசு அன்று. மாசு செய்தவனுடையது. ஆணாயினும் பெண்ணாயினும் குழந்தையாயினும் இவ்வுண்மை மாறாது.

இக்கல்வி இல்லத்தில் தொடங்க வேண்டும். உறவினர் மடியில் அமர விரும்பாத குழந்தையை வற்புறுத்தாதிருக்கலாம். விளையாட்டில் தங்கை 'போதும்' என்றால் அக்கணமே நிறுத்த வேண்டும் என்று மகனுக்குக் கற்பிக்கலாம். மகள் தலைகுனிந்து நிற்கும்போது, மௌனத்தை விளக்காமல், தனியே அழைத்து மீண்டும் ஒருமுறை கேட்கலாம். அவள் 'இல்லை' என்றால் அதைத் தாங்கும் மனவலிமையைப் பெற்றோர் பெறலாம்.

கௌரவர் சபையில் திரௌபதி மௌனமாக இருக்கவில்லை. தன்னைத் தோற்றவர் என்னைப் பணயம் வைக்க எவ்வாறு உரிமை பெற்றார் என்று கேட்டாள். அநீதி என்று உரைத்தவர்கள் விதுரரும் இளையவனான விகர்ணனும் மட்டுமே. மற்ற பெரியோர் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். அவர்களுக்குச் சிறையும் இல்லை, கட்டும் இல்லை. அஞ்சி ஒடுங்கியவரின் மௌனம் ஒருபோதும் சம்மதமாகாது. பேச வல்லவர்கள் பேசாதிருக்கும் மௌனமோ அநீதிக்கு அளிக்கும் சம்மதமே ஆகும்.