உன் கூரையை எழுப்பு!

வெந்நீருக்காக உன் வீட்டில் முதலில் எழுவது யார்?

நேராகப் பதில் சொல். நீயா?

இல்லை. உன் அம்மா. அல்லது பாட்டி. நீலகிரியின் கோத்தகிரிக் குளிரில், குந்தாப் பனியில், நான்கரைக்கே போர்வையை உதறிவிட்டு எழுகிறார்கள். ஈரச் சீகை விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கிறார்கள். புகை கண்ணில் ஏறுகிறது. நெஞ்சில் இறங்குகிறது.

நீ ஆறரைக்கு எழுந்து அந்தத் தண்ணீரில் குளிக்கிறாய். இதமாக இருக்கிறது என்கிறாய்!

வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கோ நடக்கும் சாவு என்று நினைக்காதே. உன் வீட்டுப் பின்கட்டில் கேட்கிறதே ஒரு இருமல், அது என்ன?

"எங்கள் வீட்டில் விறகு இல்லை. கீசர்தான்" என்கிறாயா? சரி, உட்கார். கணக்குப் போடலாம்.

ஒரு வாளிக்கு 20 லிட்டர். நான்கு பேருக்கு 80 லிட்டர். மலைத் தண்ணீர் காலையில் 15 டிகிரி என்று வைத்துக்கொள். அதை 40 டிகிரிக்கு ஏற்ற 2.3 யூனிட் கரன்ட் வேண்டும். எந்தக் கம்பெனி கீசராக இருந்தாலும் இதற்குக் குறைவாக முடியாது. இயற்பியல் யாருக்கும் தள்ளுபடி தராது!

இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 140 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட். அத்தனையும் குளியலறையிலேயே போய்விட்டது! விளக்குக்கு? மிக்சிக்கு? பிள்ளை படிக்க?

டேங்கில் சும்மா ஆறிப்போகும் சூடு தனி. குழாயில் தொலையும் சூடு தனி. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது.

பில் வந்ததும் திட்டத் தெரிகிறது உனக்கு. மாற்றத் தெரியாதா?

உன் தலைக்கு மேலே கூரை இருக்கிறது. கூரைக்கு மேலே வெயில் இருக்கிறது. இடையில் எது இல்லை? உன் முடிவு இல்லை!

சோலார் ஹீட்டரில் மாயம் எதுவும் கிடையாது. கறுப்புப் பூச்சு வெயிலை வாங்குகிறது. தண்ணீர் சூடாகிறது. சூடானது லேசாகி மேலே டேங்குக்கு ஏறுகிறது. குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்குகிறது. மோட்டார் வேண்டாம். கரன்ட் வேண்டாம். வெயில் உள்ளவரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெங்களூருக்குப் போயிருக்கிறாயா? மொட்டைமாடிகளை நிமிர்ந்து பார்த்திருக்கிறாயா? வரிசை வரிசையாகச் சோலார் ஹீட்டர்கள் நிற்கின்றன.

"அது பெரிய நகரம். நாங்கள் நாற்பது வீட்டுக்காரர்கள். எங்களால் என்ன ஆகும்?"

இந்த ஒரு வாக்கியத்தை உன் வாயிலிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன்!

பார்படோஸ் தெரியுமா? கரீபியன் தீவுகளில் ஒன்று. சுமார் 430 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான்! எரிபொருளுக்குக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த தீவு.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்களில் விலை நான்கு மடங்கு எகிறியது. அந்தத் தீவு என்ன செய்தது? தலையில் கைவைத்து உட்கார்ந்ததா?

ஆண்ட்ரூ ஹாட்ச் என்ற பாதிரியார் சூரிய ஹீட்டர் செய்து காட்டினார். ஜேம்ஸ் ஹஸ்பண்ட்ஸ் என்ற இளைஞர் அதைப் பற்றிக்கொண்டார். சோலார் டைனமிக்ஸ் என்ற நிறுவனம் எழுந்தது. பிரதமர் டாம் ஆடம்ஸ் வீட்டிலும் ஒரு ஹீட்டரைப் பொருத்தினார்கள். தன் வீட்டு எரிவாயு பில் இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

மூலப்பொருளுக்கு வரிச்சலுகை வந்தது. மின்சார ஹீட்டருக்குக் கூடுதல் வரி வந்தது. 1980-ல், சோலார் போட்டவர்களுக்கு வருமான வரிக் கழிவும் வந்தது. 2000களின் தொடக்கத்தில் 30,000-க்கும் மேற்பட்ட சோலார் ஹீட்டர்கள் அந்தத் தீவில் ஓடிக்கொண்டிருந்தன!

வரிசையைக் கவனி. முதலில் மனிதன். பிறகு பொருள். பிறகுதான் சட்டம். நீயோ தலைகீழாக நிற்கிறாய். "அரசு மானியம் வரட்டும், பார்க்கலாம்." எத்தனை வருடமாகப் பார்க்கிறாய்?

"அங்கே வெயில் கொளுத்தும். எங்கள் ஊரில் மேகமும் பனியும்."

வா, ஆஸ்திரியாவுக்குப் போவோம். ஸ்டைரியா மாநிலத்தில், கிராஸ் நகருக்குக் கிழக்கே உள்ள கிராமங்கள். பனி கொட்டும் நாடு. 47 டிகிரி வட அட்சம். உன் மலை இருப்பது 11 டிகிரியில்!

1980களில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சோலார் வேண்டியிருந்தது. கடைவிலை கட்டுப்படியாகவில்லை. கலைந்து போனார்களா? கூடினார்கள்! செம்புக் குழாயையும் தகட்டையும் கண்ணாடியையும் சேர்ந்து மொத்தமாக வாங்கினார்கள். ஓய்வு நாட்களில் பற்றவைத்தார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஓர் ஊர் முடித்த வேலையை அடுத்த ஊர் பார்த்துக் கற்றது.

1988-ல் கிளைஸ்டார்ஃப் என்ற சிறு நகரில் அந்த முயற்சி ஒரு சங்கமாகவே அமைந்தது. அந்தச் சங்கம் இன்று சூரிய வெப்ப ஆய்வில் உலகம் அறிந்த பெயர். தொடங்கியது பட்டறையில், சாதாரணக் கைகளால். அந்தக் கைகளுக்கும் உன் கைகளுக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்து நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். எல்லா ஊரிலும் சொல்கிறார்கள்.

"பக்கத்து வீட்டில் போட்டார்கள். வேலை செய்யவில்லை."

ஏன் வேலை செய்யவில்லை? கேட்டாயா? ஏறிப் பார்த்தாயா? அவர் தோல்வியை உனக்குச் சாக்காக எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய்!

ஏறிப் பார். எந்தத் திசை நோக்கி நிற்கிறது? நம் நாட்டில் தெற்கு நோக்கி நிற்க வேண்டும். 20 முதல் 25 டிகிரி சாய்வு நம் மலைக்குச் சரி. சில்வர் ஓக் நிழல் பத்து மணிவரை விழுந்தால் சூட்டில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று.

பச்சைத்தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது? சோலார் டேங்குக்கு மேலே இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கும். சமமாக வைத்துவிட்டு "வரவில்லை, வரவில்லை" என்றால் எப்படி வரும்?

காற்றுப் போகும் குழாய் அடைத்திருக்கிறதா? மாடியிலிருந்து குளியலறைவரை குழாய் வெறுமனே ஓடுகிறதா, பஞ்சுறை போட்டிருக்கிறதா? உறை இல்லையென்றால், காலையில் நீ திறந்ததும் முதல் வாளி குளிர்ந்துதான் வரும். அதைக் கீழே கொட்டிவிட்டுச் சோலாரைத் திட்டுவாய்.

ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி இறங்குகிறது. தட்டைத் தகடு வகைச் சோலாரின் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். அங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சமவெளியில் உப்புத் தண்ணீரா? உப்பு படிந்து அடைக்கும். குழாயை அவ்வப்போது சுத்தம் செய். குரங்கு உடைத்ததா? உடைந்த கண்ணாடிக் குழாயை மட்டும் மாற்றலாம். ஊருக்கு நான்கு குழாய் இருப்பு வை!

பார்த்தாயா? பக்கத்து வீட்டில் தோற்றது சூரியன் இல்லை. சாய்வு தோற்றது. உயரம் தோற்றது. பராமரிப்பு தோற்றது. ஒவ்வொன்றையும் சரிசெய்ய முடியும். தோல்விக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அது பாதி வேலை முடிந்த மாதிரி. காரணம் தேடாமல் கைவிட்டவன் அல்லவா உண்மையில் தோற்றவன்?

மழை மாதங்கள் உண்டு. மறுக்கவில்லை. தொடர்ந்து மூட்டமாக இருந்தால் சோலார் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அதற்காகத்தான் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார ஹீட்டரையும் வைக்கிறார்கள். 15 டிகிரியை வெயில் 28 ஆக்கிவிட்டால் மீதிக்குத்தானே கரன்ட்? வருடம் முழுக்கச் சுட வேண்டும் என்று எதிர்பார்க்காதே. பெரும்பாலான நாள் சுட்டால் போதாதா?

கூரை நிழலில் கிடக்கிறதா? ஓடு வெயிட் தாங்காதா? அப்போதும் நீ தப்ப முடியாது. ஹீட் பம்ப் இருக்கிறது!

உன் வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறம் கைவைத்துப் பார். சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதையே காற்றிலிருந்து இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் கரன்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு. அந்த 140 யூனிட் ஐம்பதுக்குள் அடங்கும்!

குளிர் ஏற ஏற அதன் திறன் இறங்கும். விலையும் அதிகம். அதனால் வெயில் விழும் கூரைக்கு என் முதல் வாக்கு சோலாருக்கே. பழுது பார்க்க உள்ளூர் பிளம்பரே போதும் என்பது மலையில் சின்ன விஷயம் இல்லை.

இனி உண்மைக்கு வருவோமா?

உன்னைத் தடுப்பது மேகம் இல்லை. பணம்கூட இல்லை. பயம்!

முதல் ஆளாகப் போட்டு, அது ஓடாமல் போனால் ஊர் சிரிக்குமே என்ற பயம். டீக்கடையில் பேசுவார்களே என்ற பயம். பெரியவர்கள் "நமக்கெதற்கு இதெல்லாம்" என்பார்களே என்ற பயம்.

சிரிக்கட்டும்! ஆறு மாதம் கழித்து, சிரித்தவரே உன் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து கைவைத்துப் பார்ப்பார். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த நாளில் உன் ஊர் மாறத் தொடங்கிவிட்டது.

"பணம்?" என்கிறாயா. கல்யாணத்துக்குப் பந்தல் போடக் கூடுகிறாய். கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கிறாய். சீட்டுப் பிடிக்கத் தெரியும். உன் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஒரு தவணை தவறாமல் அடைத்திருக்கிறார். நாற்பது வீடும் பணம் திரட்டத் தெரிந்த வீடுகள். வெந்நீர் என்றதும் மட்டும் ஏன் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறீர்கள்?

ஒரு வீட்டுக்காக மலையேறி வர எந்தக் கம்பெனிக்காரரும் யோசிப்பார். இருபது வீடு என்றால் வண்டி பிடித்து வருவார்! விலை பேச வாய் கிடைக்கும். வேலைக்கு வருபவரோடு உங்கள் ஊர்ப் பையன்கள் இருவரை நிறுத்து. ஒவ்வோர் இணைப்பையும் அவர்கள் கையாலேயே போடச் சொல். பிறகு பழுதுக்கு யாரையும் கீழே போய்க் கூப்பிட வேண்டியதில்லை. அந்த இருவருக்கும் அது ஒரு தொழில்.

ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு? சோலார் பொருத்தும் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுது. அதிகம் இருமுவது அவர்தானே?

அதுவரை சும்மா இருக்கப் போகிறாயா? இன்றே செய்ய வேலை இருக்கிறது. கீசரின் தெர்மோஸ்டாட்டைத் தேவைக்குக் குறை. குளிப்பதற்குக் கொஞ்சம் முன்பு மட்டும் சுவிட்ச் போடு. குழாய்க்கு உறை சுற்று. வாளிக்குள் ராடு போட்டுவிட்டுக் கையை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை இந்த நிமிடமே நிறுத்து. அது உயிரை எடுக்கும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படித்தான்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது!

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டு. பழைய கரன்ட் பில்லைக் கொண்டுவரச் சொல். விறகு எரிக்கும் வீட்டில் ஒரு வாரத்துக்கு எத்தனை கட்டு என்று பெண்களையே கேள். அவர்கள் பேசட்டும்; நீ எழுது. எந்தக் கூரையில் எத்தனை மணி வெயில் என்று மறுநாள் வீடு வீடாக ஏறிக் குறி.

பத்துப் பேர் வருவார்களா? மூன்று பேர்தான் வந்தார்களா? மூன்று பேரோடு தொடங்கு! நீலகிரியோ ஏற்காடோ, கொடைக்கானலோ வால்பாறையோ, எந்த மலையாக இருந்தாலும் மூன்று கூரை போதும், நான்காவது வீடு எட்டிப் பார்க்க.

நோட்டை எடு. பேனாவை எடு. முதல் பக்கத்தில் வீட்டு எண், ஆள் கணக்கு, கூரை வகை, டேங்கின் உயரம் என்று நான்கு கட்டம் போடு. உன் வீட்டிலிருந்தே ஆரம்பி. ஏணி எங்கே இருக்கிறது?