காமாவை எதை வைத்து அளப்பது?

அந்தக் காலத்து மனிதரை அந்தக் காலத்து நியாயப்படிதான் எடைபோட வேண்டும் என்பார்கள். வாஸ்கோ ட காமாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாதம் முன்னால் வந்து நின்றுவிடும். நான் அதை மறுக்கப் போவதில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கப்பல் தலைவர் இன்றைய மனித உரிமைச் சட்டங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாதுதான். அவர் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அதிலாவது அவர் தேறுகிறாரா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

அவருக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் குறையில்லாமல் கொடுத்துவிடலாம். 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களில் சுமார் 170 பேர் புறப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே போயிருந்தால் எதிர்க்காற்றில் சிக்கிச் சீரழிந்திருப்பார்கள். கேப் வெர்டே தீவுகளைத் தாண்டியதும் காமா அட்லாண்டிக்கின் நடுக்கடலை நோக்கி விலகி, ஒரு பெரிய வளைவெடுத்து, காற்றைப் பிடித்துத் திரும்பினார். ஆகஸ்டு தொடக்கத்தில் கரையை விட்டவர்கள் நவம்பரில்தான் மறுபடி கரையைக் கண்டார்கள். மூன்று மாதம் நாலாபக்கமும் தண்ணீர். கொலம்பஸ்கூட முதல் பயணத்தில் இவ்வளவு காலம் நிலத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. அந்த நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த கடல் வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அரபுகளும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மலிந்தி அரசர் ஒரு மீகாமனைத் துணைக்குக் கொடுத்தார். பருவக்காற்றின் போக்கு தெரிந்த அந்த மனிதர் 23 நாளில் கப்பல்களை மலபார்க் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1498 மே 20 என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த தேதி அவருடைய கைவேலை. திரும்பும்போது காமா காற்றின் பருவம் மாறும்வரை காத்திருக்கவில்லை. அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. ஈறு வீங்கி, கை கால் வீங்கி, ஸ்கர்வி நோயில் முப்பது பேர் செத்தார்கள். பாய் ஏற்றவும் இறக்கவும் ஆள் போதாமல் ஒரு கப்பலை அவர்களே கொளுத்த வேண்டி வந்தது. புறப்பட்டவர்களில் பாதிப்பேர்கூட ஊர் திரும்பவில்லை.

அந்தப் பயணத்தில் ஒரு செயலுக்காக காமாவை எனக்குப் பிடிக்கும். அண்ணன் பாவ்லோ நோயில் விழுந்தபோது, வெற்றிச் செய்தியோடு முதல் ஆளாக லிஸ்பன் போய் இறங்கும் வாய்ப்பை அவர் விட்டுவிட்டார். தன் கப்பலை வேறொருவர் பொறுப்பில் முன்னே அனுப்பினார். வேகமான ஒரு சிறு கப்பலை அமர்த்தி, அண்ணனைப் பிழைக்கவைத்துவிடலாம் என்று அலைந்தார். பாவ்லோ அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறந்தார். அவரை அங்கேயே புதைத்துவிட்டுத்தான் காமா ஊர் போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்காக இவ்வளவு துடித்தவரை இரக்கமே அறியாத பிறவி என்று ஒதுக்கிவிட முடியாது. இரக்கம் இன்னதென்று தெரிந்தவர் அவர். அதனால்தான் 1502-இல் நடந்ததை என்னால் கடந்து போக முடியவில்லை.

இரண்டாம் முறை அவர் வந்தபோது அவர் தலைமையில் இருபது கப்பல்கள், நிறையப் பீரங்கிகள். இடையில் 1500-இல் கள்ளிக்கோட்டையில் கலவரம் மூண்டு, போர்ச்சுகீசியப் பண்டகசாலையில் இருந்தவர்களில் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். அதற்குப் பழியாக, அப்போது அங்கே வந்திருந்த போர்ச்சுகீசியக் கப்பற்படைத் தலைவர் கப்ரால் நகரத்தைப் பீரங்கியால் தாக்கிவிட்டுப் போயிருந்தார். காமாவுக்கு அது போதவில்லை. கண்ணனூருக்கு வடக்கே, ஏழிமலைக்கு எதிரே கடலில் காத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் ‘மீரி’ என்ற கப்பல் சிக்கியது. மெக்கா யாத்திரை முடித்துத் திரும்புகிறவர்கள் அதில் இருந்தார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சில நூறு பேர்.

கப்பலில் இருந்த பெரும் வணிகர் ஒருவர் பேரம் பேசினார். எங்களை விட்டுவிடுங்கள், உங்கள் கப்பல்கள் நிறைய மிளகு ஏற்றித் தருகிறேன் என்றார். காமா மறுத்தார். சரக்கையெல்லாம் தன் கப்பல்களுக்கு மாற்றச் சொன்னார். அதற்கே சில நாள் பிடித்தது. அதன்பிறகு, ஆட்கள் உள்ளே இருக்க, மீரிக்குத் தீ வைக்க உத்தரவிட்டார். உள்ளே இருந்தவர்கள் தீயை அணைத்தார்கள். கையில் கிடைத்த கல்லை எறிந்து சண்டை போட்டார்கள். பெண்கள் கழுத்து நகையைக் கழற்றிக் காட்டினார்கள், கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் கெஞ்சினார்கள். மீண்டும் தீ வைக்கப்பட்டது. பாதிரிமார்களிடம் வளர்ப்பதற்கென்று எடுத்துக்கொண்ட சுமார் இருபது சிறுவர்களைத் தவிர, ஏறக்குறைய எல்லோரும் போனார்கள்.

போர்க்களத்து வெறியில் ஒரு நிமிடத்தில் நடந்துவிட்ட காரியமாக இது இருந்திருந்தால்கூட நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். இங்கே யோசிக்க நாள்கணக்கில் நேரம் இருந்தது. கெஞ்சுகிறவர்களின் முகம் தெரிகிற தூரம். மிளகுக்காகவே கடல் கடந்து வந்தவருக்கு மிளகையே விலையாகத் தருகிறோம் என்றும் சொல்லியாயிற்று. அத்தனைக்கும் பிறகு எடுத்த முடிவு அது.

இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் அரபு வரலாற்றாசிரியரோ மலபார்க்காரரோ அல்ல. தோமே லோப்பஸ் என்ற போர்ச்சுகீசியர். அதே கப்பற்படையில் எழுத்தராக வந்தவர், கண்ணால் பார்த்தவர். இந்த நாளை வாழ்நாள் முழுக்கத் தன்னால் மறக்க முடியாது என்று அவர் எழுதிவைத்தார். அவரும் காமாவின் காலத்து மனிதர்தான். அதே அரசர், அதே மதம், அதே கப்பல் சோறு. அவருக்கு நெஞ்சு பதைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இப்படித்தான் என்று சொல்கிறவர்கள் காமாவை மட்டும் அந்தக் காலமாக எடுத்துக்கொண்டு லோப்பஸை விட்டுவிடுகிறார்கள். மீரியில் குழந்தையைத் தூக்கிக் காட்டிய பெண்ணும் அந்தக் காலத்தவள்தானே? அவளைக் கேட்டிருந்தால் எந்த அளவுகோலை நீட்டியிருப்பாள்?

காமாவைச் சாதாரணக் கொள்ளைக்காரர் என்று சுருக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பெரிய மாலுமி. ஆனால் துணிச்சல் ஒருவரை வீரராக்கப் போதாது என்றுதான் நினைக்கிறேன். எதிரில் கடல் இருக்கும்போது காட்டுகிற துணிச்சலைவிட, எதிரில் கையில் ஒன்றுமில்லாத மனிதர் நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏழிமலைக் கடலில் காமா அதில் தோற்றார்.

இதை எழுதும்போது ராஜேந்திர சோழன் குறுக்கே வந்து நிற்கிறார். 1025-இல் சோழர் கப்பல்கள் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தன. கடாரம் கொண்டான் என்ற பட்டத்தைச் சொல்லும்போது எனக்கும் மார்பு நிமிர்கிறது. அவருடைய மெய்க்கீர்த்தியில் வென்ற ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள் என்பது அதில் இல்லை. நம் பக்கம் ஒரு லோப்பஸ் இருந்து எழுதியிருந்தால் அந்த நிமிர்வு எவ்வளவு மிஞ்சும்? காமாவுக்கு ஒரு கோல், ராஜேந்திரனுக்கு ஒரு கோல் என்று வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை கிடையாது. கடாரத்தில் நடந்தது முழுதாகத் தெரியவந்தால் அதையும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

காமா வந்து 500 ஆண்டு ஆனதை 1998-இல் கொண்டாடப் பார்த்தார்கள். இங்கே எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் பெயரை அழித்துவிட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். கப்பாடு கடற்கரையில் ஒரு கல் இருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா இங்கே இறங்கினார் என்ற செய்தி மட்டும் அதில் இருக்கிறது. புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை. அது இருக்கட்டும். மீரியில் போனவர்களுக்காக ஏழிமலையிலும் ஒரு கல் வேண்டும் என்பது என் ஆசை. இந்தியக் கடற்படையின் அகாடமி இன்று அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. பீரங்கியைக் கையாளப் போகிற பிள்ளைகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் பார்க்கிற கடலில் 1502-இல் என்ன நடந்தது என்பதை, தோமே லோப்பஸின் பெயரையும் சேர்த்து, அவர்களுக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.