சுமை எங்கே இறங்குகிறது?

சென்ற தை மாதத்தில் ஒருநாள் மாலை, உத்திரமேரூர்க் கடைத்தெருவில் மளிகை வணிகம் செய்யும் நம் அன்பர் ஒருவரின் தராசில் பருப்புக்கும் வெல்லத்துக்கும் இடமில்லாது போயிற்று. நம் சமூகத்து இளைஞர் மூவர் தம் முதுகுப்பைகளையும், கூடாரத்துணி, போர்வை, அடுப்பு முதலியவற்றையும் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்து, கிராம் கணக்கில் ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தனர். பல் துலக்கும் தூரிகையின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்திருந்தார்கள். திருமலை நேமிநாதரைத் தரிசித்து, அப்பால் ஜவ்வாது மலையில் மூன்று நாள் நடப்பது அவர்கள் திட்டம். துணைக்கு நம்மையும் அழைத்தனர்.

உணவும் நீரும் நீங்கலாக மூட்டையின் எடை பத்து பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 4.5 கிலோவுக்குள் அடங்கினால், அதுவே மிக இலகுவான பயணம் என்று மேலைநாட்டு மலைநடையாளர் வகுத்துள்ளனராம். இளைஞருள் ஒருவரது மூட்டை 4 கிலோ 300 கிராம் இருந்தது. அவர் மகிழ்ச்சியோடு கேட்டார்: “ஐயா, நம் அறநூல்கள் சொல்லும் அபரிக்கிரகம் இதுதானே?”

ஆம் என்றே அன்று விடை கூறினோம். மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி வேறொன்றும் ஏந்தாது நாடெங்கும் நடக்கும் முனிவர்களை வணங்கி வளர்ந்த நமக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்? அந்த விடையை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

தமிழில் வழிநடைத் திட்டம் பற்றிய பழைய பாடம் ஒன்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலன், கண்ணகியருடன் புறப்பட்ட கவுந்தியடிகளிடம் இருந்தவை பிச்சைப் பாத்திரமும், தோளில் உறியும், கையில் பீலியுமே. எனினும் அவ்வடிகள் வழியை ஆராயும் முறை வியப்பூட்டுவது. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும் என்கிறார். வயல் வழியே சென்றால் தேன் கலந்த நீரை அறியாது பருக நேரும் என்கிறார். நீர்க்கரை வழியிலோ, நண்டும் நத்தையும் நம் அடியில் நசுங்கும், அத்துன்பம் தாங்கற்கரியது. தமக்கு வரும் இடரையும், தம்மால் பிறவுயிர்க்கு வரும் இடரையும் ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்த பின்னரே அவர் நடந்தார். நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவுமில்லை.

நம் திட்டமோ கைப்பேசி வரைபடத்தில் உருவாயிற்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் 20 பேருக்கு மேல் மாண்ட துயரத்தின் பின், அனுமதியின்றிக் காட்டுள் புகுவது எத்துணைத் தவறென்பதை அறியாதார் இல்லை. ஆகவே அனுமதி பெற்றோம். ஏற்றம், இறக்கம், தங்குமிடம், கதிரவன் மறையும் நேரம் யாவும் குறித்தோம். நீரில் மட்டும் கணக்கிட்டு விளையாடினோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. மூன்று லிட்டர் வேண்டிய இடத்தில் ஆளுக்கு ஒரு லிட்டரே எடுத்தோம். வரைபடத்தில் நீலக்கோடாக ஓர் ஓடை இருந்தது, அதை நம்பினோம்.

மாசி மாதத்து வெயிலில் அந்நீலக்கோடு வெறும் கூழாங்கற்களாய்க் கிடந்தது. சூரியன் மறையும் முன் நீர் அருந்தியாக வேண்டும், மறைந்தபின் விரதம் தடுக்கும். விரைந்து நடந்து, மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர் ஒன்றை அடைந்து, முதல் வீட்டு வாயிலில் நின்றோம். சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் எழுந்து குடத்தையே கொணர்ந்து வைத்தார். “தண்ணிதானே, குடிங்க சாமி” என்றார். நால்வரும் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம். மறுநாளைக்கும் நிரப்பிக்கொண்டோம். குடம் காலியாயிற்று.

வைகறையில் விழித்தபோது அவ்வம்மையாரும் அவர்தம் மகளும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தனர். ஊற்று நெடுந்தொலைவில், பள்ளத்தில் இருந்தது. திரும்பி ஏறி வருகையில் அச்சிறுமி இருமுறை குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். நாம் ஆளுக்கு இரண்டு கிலோ வீதம் எட்டுக் கிலோவைக் குறைத்திருந்தோம். அந்த எட்டுக் கிலோ எங்கும் மறையவில்லை. அந்தச் சிறுமியின் இடுப்பில் ஏறியிருந்தது. விலை கொடுக்க முயன்றோம், அவர் வாங்க மறுத்துவிட்டார். நம்மைவிட அபரிக்கிரகம் அறிந்தவர் அவர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வறுமையை விரதமென்று புகழ்வது நமக்கு எளிது, அவர்க்கு எளிதன்று.

முனிவர்களும் பிறர் இல்லத்தில்தானே உண்கின்றனர் என்று சிலர் கேட்கலாம். உண்மையே. எனினும், நாளுக்கு ஒருவேளை, நின்றபடி, கையே கலமாக அவர்கள் ஏற்பது தமக்கெனச் சமைக்கப்படாத உணவை. குறைவாகச் சுமப்பவர் குறைவாகவே கேட்கவும் வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதில் உண்டு. நாமோ சுமையைக் குறைத்தோம், தேவையைக் குறைக்கவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 4 கிலோ 300 கிராமுக்குள் அடங்கிய உறக்கப்பை கையில் எடுத்தால் பஞ்சாய் மிதந்தது. உள்ளே இருப்பது யாதெனத் திரும்பும் வழியில்தான் கேட்டோம். வாத்தின் மார்புத் தூவி என்றார் அவ்விளைஞர். அவரும் சீட்டைப் படித்த பின்னரே அறிந்தாராம். எடைக்கு எடை அதற்கு நிகரான வெப்பம் தருவது செயற்கைப் பஞ்சில் இல்லை என்பர். ஆனால் அத்தூவியில் பெரும்பகுதி இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட பறவைகளிடமிருந்து எடுக்கப்படுவது. மயில் தானே உதிர்த்த பீலியை ஏந்தி எறும்பையும் விலக்கும் சமயத்தில் பிறந்தோர், பறவையைக் கொன்று எடுத்த தூவிக்குள் உறங்கினோம். ஜவ்வாது மலைக் குளிருக்கு ஒரு கம்பளி போதும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இல்லறத்தார்க்கு உரைத்த திசைவிரதம் இங்கு எண்ணத் தக்கது. ஆறு, மலை, காடு முதலிய அறிந்த அடையாளங்களைக் கொண்டு இதற்கப்பால் செல்லேன் என வரையறுத்துக்கொள்வது அவ்விரதம். மேலும் கீழும் பக்கமும் எல்லை கடத்தல், எல்லையை விரித்துக்கொள்ளுதல், எல்லையையே மறத்தல் என ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். இளமையில் இதனைப் பயணத்துக்குத் தடை என்றே எண்ணியிருந்தோம். எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு நம்மால் ஒரு தீங்கும் இல்லை என்பதே அதன் உட்பொருள் என இப்போது படுகிறது. வரைபடம், அங்கே சென்று சேர இயலுமா என்று கேட்கிறது. நாம் செல்லாததால் நலமாயிருக்கும் இடம் ஏதும் உண்டா என்று அது கேட்பதில்லை. நோக்கமின்றித் திரிவதே அநர்த்ததண்டம், மலைநடையே வேண்டாம் என்பார் நம் மூத்த அன்பர் ஒருவர். அவ்வளவு தூரம் செல்ல நம் மனம் ஒப்பவில்லை. பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளை நாடி ஏறிய கால்கள் மலையை மறக்குமா?

மீண்டும் புறப்பட எண்ணம் உண்டு. இம்முறை ஏட்டில் முதல் வரி நீர், ஆளுக்கு மூன்று லிட்டர். கம்பளி நான்கு. பழைய ஏட்டைவிட மொத்த எடை கூடியிருக்கிறது, இளைஞர்கள் முகம் சுளிக்கவில்லை.

அந்த உறக்கப்பையை என்ன செய்வது என்பதுதான் முடியவில்லை. விற்றால் அந்த வணிகம் வளரும், எறிந்தால் அப்பறவையின் உயிர் வீணே போனதாகும், வைத்துக்கொண்டால் உறங்க மனம் வராது என்கிறார் அவ்விளைஞர். நம்மிடம் விடை கேட்டு நான்கு மாதமாகிறது. பை பரண்மேல் இருக்கிறது.