மாலை நான்கு மணிக்குப் பிறகு



பள்ளிக்கூடங்கள் திறந்து சில வாரங்களாயின. இந்த நாட்களில் என்னைக் காண வரும் தாய் தகப்பன்மாரில் பாதிப் பேர் கொண்டுவரும் விஷயம் ஒன்றே. "சாமி, பையன் சாரணர் படையிலே சேரணுங்கிறான், பொண்ணு நாடகத்திலே நடிக்கணுங்கிறா. இந்த வருஷம் பத்தாவது, டியூசன் வேறே இருக்குது. வேண்டாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க." பிள்ளையிடம் தாங்கள் சொல்லக் கூசுவதைக் குருவானவர் வாயால் சொல்விக்கப் பார்க்கிறார்கள். முன்பு நானும் அப்படிச் சொன்னதுண்டு. இனிச் சொல்லமாட்டேன். காரணத்தைக் கேளுங்கள்.

அப்போது நான் இந்தப் பக்கத்திலேயே வேறொரு பங்கில் உதவிக் குருவாயிருந்தேன். ஒரு விதவைத் தாய் தன் மகனை அழைத்து வந்தாள். மூன்று வருஷமாகச் சாரணர் படையில் இருந்தவன். முடிச்சுப் போடுவதும் கூடாரம் அடிப்பதும் முதலுதவி செய்வதும் என்றால் அவனுக்கு உயிர். கணக்கில் மட்டும் மதிப்பெண் இறங்கியிருந்தது. தாய் அழுதாள். நான் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஒரே வருஷந்தானே தம்பி, பரீட்சை முடிந்தபின் மறுபடி சேர்ந்துகொள்" என்றேன். போதாதென்று நாலாம் கற்பனையையும் நினைப்பூட்டினேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணே வாங்கினான். ஆனால் படைக்குத் திரும்பவில்லை. அதற்குள் பதினோராம் வகுப்பு வந்துவிட்டது, அதற்கொரு டியூசனும் வந்துவிட்டது. பீடச் சிறுவர் கூட்டத்துக்கும் வராமற் போனான். பூசைக்கு வந்தால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பான்.

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழை உங்களுக்கு மறந்திராது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்துகொண்டது. நாங்கள் கோவிலில் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டினோம். அவனுடைய பழைய தோழர்கள் இடுப்பளவு தண்ணீரில் கயிறு கட்டி, வயோதிகரையும் குழந்தைகளையும் ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்கள். எந்த முடிச்சு, எந்தக் கம்பத்தில் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இவன் கோவில் வாசற்படியில் வெகு நேரம் நின்றிருந்தான். கடைசியில் என்னிடம் வந்து, "சாமி, நானும் போகலாமா? எனக்கு முடிச்செல்லாம் மறந்துபோச்சு" என்றான்.

பொட்டலம் கட்டும் இடத்துக்கு அனுப்பினேன். ராத்திரி பத்து மணி வரை தலை நிமிராமல் கட்டினான். அன்றைக்கு அவன் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அவன் மேலும் குற்றமில்லை, அவனைப் பெற்றவள் மேலும் குற்றமில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்.

பிற்பாடு அர்ச். தொன் போஸ்கோவின் சரித்திரத்தை மறுபடி வாசித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. அவரும் ஒரு விதவையின் மகன். கியேரி என்ற ஊரில் காப்பிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். நேரமில்லை என்று சொல்ல அவரைக்காட்டிலும் நியாயமுள்ளவர் யார்? அந்தப் பையன்தான் 1832-ல் தோழர்களைக் கூட்டிச் சந்தோஷ சபை என்று ஒன்றை ஏற்படுத்தினார். சட்டம் இரண்டே. கிறிஸ்தவனுக்குத் தகாத பேச்சும் செய்கையும் கூடாது. பாடத்திலும் ஞானக் கடமையிலும் குறை வைக்கக் கூடாது. மற்றபடி விளையாட்டும் பாட்டும் வித்தைகளுந்தான். பாடம் சபையின் சட்டத்திலேயே அடங்கியிருந்ததைக் கவனியுங்கள். 1856-ல் தூரின் நகரில் அவருடைய மாணவன் தோமினிக் சாவியோ தோழர்களோடு அமலோற்பவ மாதா சபையைத் தொடங்கினான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. 1859-ல் சலேசிய சபை உண்டானபோது அதில் முதன்முதல் சேர்ந்தவர்களில் பலர் இந்தப் பள்ளிச் சபைப் பையன்களே.

நம் கோவில் வாசலில் வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியல் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறீர்கள்? மாணவர்களுடைய விவாத மன்றத்திலிருந்து! பாரீசில் பிரெதெரிக் ஒசானாம் என்ற சட்ட மாணவரும் நண்பர்களும் திருச்சபையின் பழம் பெருமைகளைப் பேசி வாதாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கட்சிக்காரன் ஒருவன், அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு நீங்கள் செய்வது என்ன என்று கேட்டுவிட்டான். மேடையிலே அதற்குப் பதில் இல்லை. 1833 ஏப்ரல் 23-ந் தேதி, ஒசானாமுக்கு இருபது வயது நிறைந்த நாளில், அவர்கள் கூடி ஏழைகளின் வீடுகளுக்குப் போகத் தீர்மானித்தார்கள். அந்த மன்றத்துக்கு அவரைப் போகவேண்டாமென்று ஒரு குருவானவர் தடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்!

ஆகவே படிப்பைக் கைவிடுங்கள் என்று சொல்லவந்தேனென்று எண்ணவேண்டாம். நானும் பரீட்சை எழுதித்தான் குருமடத்தில் தேறினேன். சேசுநாதர் நாசரேத்தில் ஞானத்தில் மட்டுமல்ல, உடல் வளர்ச்சியிலும், சர்வேசுரனுக்கும் மனிதருக்கும் உகந்தவராவதிலும் வளர்ந்தாரென்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். நம் ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனையோ டியூசன் பலகைகளைப் பார்க்கிறேன். அவற்றில் ஒன்றாவது மனிதருக்கு உகந்தவராவதைக் கற்பிப்பதாகச் சொல்லவில்லை. தோற்றுவிட்டுச் சிரித்த முகத்தோடு வருவதையும், தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதையும், வேறு வேதத்துத் தோழனோடு ஒரே பாத்திரத்தில் உண்பதையும் பிள்ளை கற்பது மாலை நான்கு மணிக்குப் பிறகுதான். நாட்டு நலப்பணித் திட்டத்தின் முத்திரை மொழி "எனக்காக அல்ல, உங்களுக்காக" என்ற கருத்துடையது. 1969 முதல் மாணவர்கள் அதைச் சொல்லிவருகிறார்கள். பிரசங்கத்தில் நான் அரை மணி நேரம் சொல்வதும் அதைத்தான்.

அரசாங்கமும் இதைக் கண்டுகொண்டது. அரசுப் பள்ளிகளில் 2022-ல் கலைத் திருவிழாவும் வானவில் மன்றமும் தொடங்கின. 2024-ல் வந்த மகிழ் முற்றத்தில் பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அணி பிரிந்திருக்கிறார்கள்.

மன்றங்களை நடத்துவோரிடமும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. ஞாயிறு காலையில் ஒத்திகையும் அணிவகுப்பும் வைத்துப் பூசைக்கும் ஞான உபதேசத்துக்கும் பிள்ளைகள் வரக்கூடாமற் செய்வது நல்லதல்ல. தகப்பன்மார் ஆசிரியரிடம் மரியாதையாய்ப் போய்க் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் சனி மாலைப் பூசை இருக்கிறது. இன்னொன்று: நடனத்துக்கு வாடகை உடுப்பென்று பணம் கேட்கும்போது, கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண் "எனக்கு ஆடத் தெரியாது" என்று பொய் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறாள். அவள் நன்றாக ஆடுவாளென்று எனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் விழாவில் பார்த்திருக்கிறேன்.

இதற்காக இந்த வருஷம் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசியிருக்கிறேன். சாரணர் உடுப்பு, சப்பாத்து, நடன உடுப்பு, பயணச் செலவு இவற்றுக்குத் தேவைப்படுவோர் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் ஒரு சீட்டில் எழுதி உறையிலிட்டு என் கையிலேயே தாருங்கள், வேறு யாருக்கும் தெரியாது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கோவில் மண்டபத்தில் சற்றுத் தங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், அவர்கள் பேசட்டும். அந்தப் பழைய சாரணனுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன். இப்போது வேலையிலிருக்கிறான். வருவதாகச் சொன்னான்.

உங்கள் பங்குக் குரு