இணங்குதலும் சம்மதமும்

பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 பேருக்கு இதயத்தில் ஏதேனுமொரு குறை உண்டு. பசறைத் தேயிலைத் தோட்டங்களும் இக்கணக்குக்குப் புறம்பானவையல்ல. அக்குறையை முதலில் ஆராய்வது ஒலியலைகளைக் கொண்டு செய்யப்படும் எக்கோச் சோதனை. அதிற் கதிர்வீச்சு இல்லை. பெருநாடியின் வளைவு, நுரையீரல் நாடிகள் போன்றவை எக்கோவில் தெளிவுறாதபோது சீ.ரி. ஸ்கான் வேண்டப்படுகிறது. சத்திரசிகிச்சை செய்வோருக்கு அது வழிகாட்டும் வரைபடம். ஆனால் எக்ஸ் கதிர்களால் வரையப்படுவது.

அதன் தீங்கு எத்துணை? 2012இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, 10 வயதுக்குட்பட்ட சிறுவருக்கு எடுக்கப்படும் 10,000 தலை ஸ்கான்களால், அடுத்த 10 ஆண்டுகளில் மேலதிகமாக ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் ஏற்படலாம் என மதிப்பிட்டது. இதய ஸ்கானுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது; எனினும் தீங்கு மிகச் சிறிது என்பது புலனாகும். குறை தீர்க்கப்படாவிடின் வரும் ஆபத்தோ பெரிது. தேவையான ஸ்கானை மறுப்பது பேதைமை. ஒழுக்கவியல் வினா வேறிடத்தில் உள்ளது: அச்சிறு தீங்கை ஏற்க இசைந்தவர் யார்?

குழந்தை இசைய இயலாது. தாய் இசைந்தாள் என்பர். ஒருநாட் பேரை இழந்து, குழந்தையைத் தோளிற் சுமந்து, பஸ்ஸேறிப் பதுளை நகருக்கு வந்த கொழுந்து பறிக்கும் தாயொருத்தியைக் கருதுக. தாள் நீட்டப்பட்டதும் "சரிங்க ஐயா" என்கிறாள். அச்சொல்லின் வரலாறு நெடிது. துரைக்கும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அவளுடைய பாட்டியும் தாயும் சொல்லிவந்த சொல் அது; மறுத்தால் பேர் வெட்டப்படும் என்னும் அச்சத்தில் விளைந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால், கேளாமலே நாடற்றோராக்கப்பட்டவர்களின் பேர்த்திக்குத் தன்னையும் ஒருவர் கேட்பார் என்னும் எண்ணமே புதிது. அவள் செய்தது இணங்குதல், சம்மதமன்று.

விளக்கினால் தாய் அஞ்சி மறுப்பாள், இழப்பு குழந்தைக்கே என்பது மருத்துவர் தரப்பு வாதம். புறக்கணிக்கத்தக்க வாதமன்று, கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நேரமும் அரிது. ஆயினும், அஞ்சுவாள் என்பதற்காக மறைத்தல், அவர்களுக்கு விளங்காது என்ற தோட்டத்துரையின் தருக்கமேயன்றி வேறன்று. மருத்துவர் வற்புறுத்தலாம், மறைத்தலாகாது. அவளுக்கு விளங்கும் தமிழில் இரண்டு நிமிடம் பேசினாற் போதும்.

அவ்வாறு பேசியபின், "எக்கோவுல பாத்தது பத்தாதுங்களா, ஐயா?" என்று அவள் கேட்பாளாயின், மருத்துவர் விடை கூறக் கடமைப்பட்டவராகிறார். சிலவேளை, போதும் என்பதே விடையாகவும் இருக்கலாம்.