துப்பாக்கியின் இயல்பு எதில் இருக்கிறது?

மனிதன் செய்த ஒரு பொருளை அந்தப் பொருளாக ஆக்குவது அதன் வடிவமா, பாகங்களா, செயலா, செய்தவரின் நோக்கமா? தத்துவத்தில் இது பழைய கேள்வி. ஏருக்கும் நாற்காலிக்கும் இதற்கு விடை காணாமலே வாழ்ந்துவிடலாம். குடிமக்கள் வைத்திருக்கும் ரைஃபிளுக்கு அது முடியாது. வேட்டைக்கும் சுடுதல் போட்டிக்கும் உரியது எது, போருக்கு உரியது எது என்று அரசு பிரித்தாக வேண்டும். கோடு தவறான இடத்தில் விழுந்தால் குற்றமற்றவர் சிறைக்குப் போவார்; அல்லது பலர் உயிரிழப்பார்கள். கோடு விழும் இடம் நாட்டுக்கு நாடு வேறு. துப்பாக்கி செய்பவர்கள் அந்தக் கோட்டின் ஓரம் வரை வந்து நிற்பதால், ஒரே இயந்திரம் எல்லைக்கு எல்லை உருமாறுகிறது.

அமெரிக்கச் சிந்தனையாளர் லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய கட்டுரை ஒன்றில், செய்பொருள்களுக்கு அரசியல் உண்டா என்று கேட்டார். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ராபர்ட் மோசஸ் கட்டிய தாழ்ந்த பாலங்களை அவர் எடுத்துக்காட்டினார். பேருந்துகள் அவற்றின் கீழே போக முடியாது. ஆகவே பேருந்தை நம்பியிருந்த ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வருவது தடைப்பட்டது என்பது அவர் வாதம். மோசஸின் நோக்கம் உண்மையில் அதுதானா என்று பின்னர் பெர்ன்வார்ட் யோர்கஸ் மறுத்து எழுதினார். ரைஃபிளைப் பொறுத்தவரை அந்தச் சர்ச்சைக்கு இடமே இல்லை. இங்கே அரசியல் மறைந்திருக்கும் நோக்கமாக அல்ல, அச்சிட்ட சட்டமாகவே பொருளுக்குள் நுழைகிறது. அதை அங்குலக் கணக்கில் அளந்தே பார்க்கலாம்.

இதன் மிகத் தெளிவான சான்று இந்தியாவில் இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய அரசின் அச்சம் ஆயுதங்களின் மேல் திரும்பியது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அடுத்து அந்த அச்சம் குழலின் விட்டத்துக்கு வந்தது. படைகளிடமிருந்து வெளியே போன மார்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்று, 1907 வாக்கில் .450 அங்குல விட்டம் கொண்ட தோட்டாக்கள் இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்யப்பட்டன. யானை, புலி வேட்டைக்காக விலையுயர்ந்த ரைஃபிள்கள் செய்துவந்த லண்டன் நிறுவனங்கள் .465, .470, .475 என்று சற்றே விலகிய அளவுகளுக்கு நகர்ந்தன. .470 இன்றுவரை ஆப்பிரிக்க வேட்டையில் புகழ்பெற்ற தோட்டா. அதன் பரவலுக்குப் பின்னால் விலங்கின் உடலமைப்பைவிடக் குடிமக்களைப் பற்றிய ஒரு பேரரசின் கவலைக்கே பெரிய பங்கு உண்டு.

படைகளின் .303 தோட்டாவின் கதையும் இதே வழியில் வந்ததுதான். சுதந்திர இந்தியாவின் ஆயுத விதிகள் .303, 7.62 மி.மீ. ரைஃபிள்களை மட்டுமல்ல, அந்த அளவிலான படைத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய எந்தத் துப்பாக்கியையும் தடை செய்யப்பட்ட வகையில் வைத்தன. கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை குடிமக்களுக்காகச் செய்த ரைஃபிளோ .315. அதன் உடல் படைவீரரின் லீ-என்ஃபீல்டு வழியில் வந்தது. தோட்டா மட்டும் ஆஸ்திரியாவின் மான்லிச்சரிடமிருந்து வந்தது. .315 என்பது .303ஐவிடப் பெரிய விட்டம். பெரியது உரிமத்தோடு கிடைக்கும், சிறியது சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. ஆகவே சட்டம் இங்கே அளந்தது கொல்லும் ஆற்றலை அல்ல. அரசின் கிடங்கிலிருந்து களவு போகும் தோட்டா யார் துப்பாக்கியில் பொருந்தும் என்பதைத்தான். ஆயுதத்தை உரிமையாக்க வேண்டும் என்ற குரலும் இருந்தது. 1931இல் கராச்சி காங்கிரஸ் தன் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்திருந்தது. 1948இல் எச்.வி. காமத் அதை அரசியல் நிர்ணய சபையில் எழுப்பியபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. பேரரசு போன பின்னும் அது இழுத்த கோடு ரைஃபிளின் குழலில் அப்படியே நின்றது.

அமெரிக்காவில் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. அங்கே ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை. ஆகவே யாரிடம் இருக்கிறது என்பதைவிட, எப்படிப்பட்ட துப்பாக்கி என்பதிலேயே சண்டை நடக்கிறது. 1994 முதல் 2004 வரை நடைமுறையில் இருந்த கூட்டாட்சித் தடை ஒரு பட்டியலை வகுத்தது: கழற்றி மாற்றக்கூடிய மேகசின் உள்ள அரைத் தானியங்கி ரைஃபிளில் மடக்கும் கட்டை, பிஸ்டல் பிடி, பயோனெட் பொருத்தும் முனை, சுடர் மறைப்பான் அல்லது அதற்கான மரையிட்ட குழல், கையெறிகுண்டு ஏவி ஆகியவற்றில் இரண்டு இருந்தால் அது தாக்குதல் ஆயுதம். நிறுவனங்கள் பயோனெட் முனையையும் சுடர் மறைப்பானையும் நீக்கிவிட்டு அதே ரைஃபிளை விற்றன. நெஞ்சில் துளையிடும் தோட்டாவும் அது புறப்படும் வேகமும் மாறவில்லை. கலிபோர்னியாவில் இது இன்னும் நுணுக்கமாக நடந்தது. கருவி இல்லாமல் மேகசினைக் கழற்ற முடியாது என்றால் அது நிலையான மேகசின் என்று விதி சொன்னது. தோட்டாவின் நுனியையே கருவியாகக் கொண்டு அழுத்தும் ஒரு பொத்தான் சந்தைக்கு வந்தது. 2016இல் சட்டமியற்றியவர்கள் அந்த வழியை அடைத்தார்கள். உடனே, கட்டை விரல் பிடியைச் சுற்றிப் போக முடியாதபடி ஒரு தகடு வைத்த பிடிகள் பரவின.

இந்த விளையாட்டைப் பார்த்துச் சட்டமே வீண் என்று முடிவு கட்டுவது எளிது, அது தவறு. தோற்றது கட்டுப்பாடு அல்ல, வெளித்தோற்றமே பொருளின் இயல்பு என்ற கருத்து. மேகசினில் 10 தோட்டாக்களுக்கு மேல் கூடாது என்ற விதி அதே கலிபோர்னியாவில் இருக்கிறது. அது ஒரு மனிதன் நிறுத்தாமல் எத்தனை முறை சுடலாம் என்பதைத் தொடுகிறது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் அமெரிக்க விவாதம் முடிவின்றிச் சுழல்கிறது. துப்பாக்கி கொல்வதில்லை, மனிதனே கொல்கிறான் என்ற வாதத்தை பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருனோ லத்தூர் ஆராய்ந்திருக்கிறார். கையில் துப்பாக்கி வந்ததும் மனிதனும் வேறாகிறான், துப்பாக்கியும் வேறாகிறது. செயல் அந்த இணைப்புக்கு உரியது என்றார் அவர். அப்படியானால் அந்த இணைப்பை மாற்றும் உறுப்பு எது என்பதே சட்டம் கேட்க வேண்டிய கேள்வி. பயோனெட் முனை அந்த உறுப்பு அல்ல.

பிரிட்டன் செயலையே பிடித்தது. 1987இல் ஹங்கர்ஃபோர்டு படுகொலை நடந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா வகை நீங்கலாக, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களைத் தடை செய்தது. ஆகவே அங்கே விற்கப்பட்ட ஏஆர்-15 ரைஃபிள் பார்வைக்கு அமெரிக்காவில் உள்ளது போலவே இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கையால் பின்னுக்கு இழுத்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். கலிபோர்னியாவில் முகம் மாறி உள்ளுறுப்பு அப்படியே இருந்தது. பிரிட்டனில் முகம் இருக்க உள்ளுறுப்பு மாறியது. அங்கும் கோட்டின் ஓரத்துக்கு வந்தார்கள். வாயு அழுத்தத்தால் பின்னால் போன போல்ட் அங்கேயே நின்று, ஒரு நெம்புகோலைத் தட்டியதும் முன்னே வரும் ரைஃபிள்கள் உருவாயின. வேகம் ஏறக்குறைய திரும்பிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் விலக்கியது. செயலைப் பிடித்த சட்டத்துக்கு மீறலை அடையாளம் காண்பது எளிது. மாறியது வேகம், அளக்க வேண்டியதும் வேகம்.

நோக்கத்தை அளவுகோலாக்கும் முயற்சியும் உண்டு. 1968ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விளையாட்டு நோக்கத்துக்கு ஏற்ற துப்பாக்கிகளை மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்றது. 1989இல் அந்த விதி இறுக்கப்பட்டதும், பிஸ்டல் பிடிக்குப் பதில் கட்டைவிரல் நுழையும் ஓட்டையுள்ள மரக்கட்டைகளோடு வெளிநாட்டு ரைஃபிள்கள் வந்தன. நோக்கம் மனிதரிடம் இருப்பது. அதை மரத்தில் தேடினால் மரவேலைதான் மாறும்.

பாகங்களைப் பற்றிய கேள்வியே எல்லாவற்றிலும் ஆழமானது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதும் இதுதான். சக்கரமா தேர், அச்சா, நுகமா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்ததும் தனியொரு பொருள் அல்ல, தேர் என்பது வழக்கு மட்டுமே என்ற முடிவுக்கு அந்த உரையாடல் வந்தது. நியாய வைசேடிகர் இதை மறுத்து, உறுப்புகளில் தங்கியிருந்தாலும் முழுமை அவற்றுக்கு வேறான ஒரு பொருள் என்றார்கள். அமெரிக்கச் சட்டம் தேரில் ஓர் உறுப்பைச் சுட்டி, இதுவே தேர் என்கிறது. ஏஆர்-15இல் விசை அமைப்பைத் தாங்கும் கீழ்க்கூடே சட்டப்படி துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் பொறிக்கப்படுகிறது. தோட்டா சீறிப் போகும் குழலை அஞ்சலில் வாங்கலாம். ஜெர்மனியிலோ குழலும் போல்ட்டும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட முக்கியப் பாகங்கள்.

அந்த உறுப்பை முழுவதும் முடிக்காமல், சில துளைகளைப் போடாமல் விட்டு, எண் பொறிக்காமல் பெட்டியில் விற்றபோது அமெரிக்க ஏற்பாடு திணறியது. 2022இல் கூட்டாட்சி முகமை, எளிதில் துப்பாக்கியாக்கக்கூடிய பாகத்தொகுப்புகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்த விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், மனிதன் செய்யும் பொருளின் பெயர், அது செய்து முடிக்கப்படும் முன்பே அதற்குப் பொருந்தலாம் என்று வாதிட்டார். எழுத்தாளர் முடிக்காத நாவலையும் நாவல் என்போம், பூட்டாத மேசைத் தொகுப்பையும் மேசை என்போம் என்று அவர் காட்டினார். எந்த அளவு முடிந்திருந்தால் அந்தப் பெயர் பொருந்தும் என்று அவர் எல்லா வகைக்கும் கோடு போடவில்லை. இனி வரும் வழக்குகளுக்கு அதை விட்டுவைத்தார்.